ஐந்து நாற்பது வண்டி

அந்த டெப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மணிக்கூண்டு என்றால்தான் தெரியும். பதினோரு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஒரு நாளும் வண்டியை நேரத்துக்கு முன்னே எடுத்ததில்லை, பின்னே எடுத்ததில்லை. அவள் வண்டி முனை திரும்புவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறவர்கள் அந்த வழித்தடத்தில் உண்டு என்று டைம் கீப்பர் சொல்லுவார். அவர் அளப்பதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான். அப்படிப்பட்டவள் இந்த வருடம் தினமும் இரண்டு நிமிடம் திருடினாள். பெற்ற மகனுக்காகத் திருடியதால் அது திருட்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மகனுக்குப் பதினாறு வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் அப்பா வேறு ஊர், வேறு குடும்பம் என்று கிளம்பிப் போனபோது, பையனின் பேச்சையும் சேர்த்துப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய்விட்டார் போலிருந்தது. வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். பள்ளியில் அதுவும் கிடையாது. பஸ் டிரைவர் மகன் என்று தெரிந்ததும் வகுப்பில் சில வானரங்கள் அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் வாயால் ஹார்ன் அடித்தன. அவன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறான் என்று வகுப்பாசிரியை ஒரு நாள் போன் பண்ணிச் சொன்னார். அன்றைக்கு முழுக்க மணிக்கூண்டு கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் வண்டி ஓட்டினாள். அப்போதும் நேரம் தவறவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவும் பிள்ளையும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அவள் வண்டியில் அவன் ஏறினால் இருவரும் முன்பின் தெரியாதவர்கள். அவன் மற்றவர்களைப் போல டிக்கெட் மெஷினில் பஸ் கார்டைத் தேய்த்துவிட்டுப் பின்னால் போய்விடுவான். அவள் ரோட்டைப் பார்ப்பாள். முதல் நாள் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

இப்படி இருக்கையில்தான் ஒரு காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அவன் வந்து நின்று, ஒரு பெண்ணிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று கேட்டான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேறு அம்மாவாக இருந்தால் கரண்டியைத் தூக்கியிருப்பாள், படிக்கிற வயதில் என்ன இது என்று குதித்திருப்பாள். இவள் கரண்டியோடு திரும்பி, தன்னையே அந்தப் பெண்ணாக நினைத்துக்கொண்டு பேசிப் பழகச் சொன்னாள். "நீ மொதல்ல கரண்டியைக் கீழ வைம்மா" என்றான் மகன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தப் பெண் யாராக இருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும் என்று தாய் மனசார வாழ்த்தினாள்.

பெண் யார் என்று தெரிந்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவளை இவளுக்கு ஏற்கெனவே தெரியும். வேறு பள்ளியில் படிப்பவள்; மகன் பள்ளிக்கு எதிரே இருக்கும் நீச்சல் குளத்தில் பயிற்சியை முடித்துவிட்டு, ஈரத் தலையும் தோளில் தொங்கும் பையுமாக ஐந்து நாற்பது வண்டிக்கு வருகிற பெண். மணிக்கூண்டு மனசுக்குள் அவளுக்கு நீச்சல்காரி என்று பெயர் வைத்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இறங்கும்போது தவறாமல், "தேங்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இறங்குவாள். ஒரு நாளைக்கு நானூறு பேர் ஏறி இறங்கும் வண்டியில் அப்படிச் சொல்கிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

இனி அந்த இரண்டு நிமிடக் கதைக்கு வருவோம். பள்ளி நிறுத்தம் நேரம் பார்க்கும் நிறுத்தம். வண்டி முன்னதாக வந்துவிட்டால் அங்கே நின்று, நேரமானபின்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. மணிக்கூண்டு அதற்கு முந்தைய பாதையில் கொஞ்சம் விரட்டி ஓட்டி, ஐந்து முப்பத்தாறுக்கே வந்து நின்றுவிடுவாள். பள்ளி மூன்றரைக்கே விட்டுவிடும். அதன் பிறகு மகன் நூலகத்தில் உட்கார்ந்திருப்பான். நீச்சல்காரி குளத்து வாசலில் தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஏதோ தற்செயலாக வருகிறவன் மாதிரி வந்து ஏறுவான். நூலகத்தில் பையைத் திருப்பி வாங்குவதில் தாமதமானால் ஐந்து நாற்பதும் தாண்டி இரண்டு நிமிடம் போய்விடும். அப்போது அம்மா துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். நகரத்திலேயே அவ்வளவு பளபளப்பான கண்ணாடி வேறெந்த வண்டியிலும் இருந்திருக்காது.

பலன் கிடைத்தது. அதை மறைக்கக் கூடாது. முதல் வாரம் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தான். இரண்டாவது வாரம் பக்கத்து இருக்கை. மூன்றாவது வாரம் ஒரே போனிலிருந்து ஆளுக்கொரு காதில் பாட்டுக் கேட்டார்கள். டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அந்தக் காட்சி முழுசாகத் தெரியும். மகன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கையை ஆட்டிப் பேசினான். வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை சோறு கேட்டான். வகுப்பில் ஒருவன் ஹார்ன் அடித்ததற்கு இவன் திருப்பிப் பிரேக் சத்தம் போட்டானாம், வகுப்பே சிரித்ததாம். அந்தப் பெண் தன் பிள்ளைக்குச் செய்ததை எந்த வைத்தியரும் செய்திருக்க முடியாது என்று மணிக்கூண்டு நம்பினாள். அந்த நம்பிக்கையில் தப்பில்லை. அந்தப் பெண்ணை மருந்துச் சீசா மாதிரி நினைக்க ஆரம்பித்ததுதான் தப்பு.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மகன் முகம் செத்துப்போய் வந்தான். சாப்பிட உட்காரவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தான். போதும், இனிமேல் இப்படி வேண்டாம், சாதாரணமாகப் பேசிக்கொள்ளலாம் என்று அவள் சொல்லிவிட்டாளாம். நீச்சல் போட்டிகள் வருகின்றனவாம். அவன் நாள் முழுக்க மெசேஜ் அனுப்புவது அவளுக்கு மூச்சு முட்டுகிறதாம்.

"இப்போதைக்கு வேணாம்னுதான் சொன்னா" என்றான், தானே ஒரு வார்த்தை கூட்டி.

அந்தக் கூட்டிய வார்த்தையைத் தாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இப்போதைக்குன்னு சொன்னாளா? அப்ப பின்னால இருக்குதுல்ல. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? விட்டுட்டுப் போறவங்களை நாம பாத்தாச்சுடா தம்பி. நீ அப்படி இருக்காத. நீ விடாத."

விட்டுவிட்டுப் போனவன் ஒருவன் இருந்த வீட்டில், விடாமல் இருப்பது பெரிய குணமாகத் தெரிந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. குற்றம் உண்டு. ஆனால் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

மறுநாளிலிருந்து நீச்சல்காரி பின்னால் போகவில்லை. டிரைவருக்குப் பின்னால் ஒற்றை இருக்கை ஒன்று இருக்கும். அதில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். மகன் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். அவன் குனிந்து ஏதோ சொல்வதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதும் கண்ணாடியில் தெரியும். ஊடல் என்று நினைத்தாள் மணிக்கூண்டு. அதோடு விட்டாளா? அந்தப் பெண் தன் பக்கத்தில் வந்து உட்காருவதில் ஏதோ ஒட்டுதல் இருக்கிறது என்றுகூட மனக்கோட்டை கட்டினாள். வண்டி ஓட்டுகிற மாமியார் என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கோ டிரைவர் யாருடைய அம்மா என்பதே தெரியாது. ஒரு மாதம் கையோடு கை கோத்துத் திரிந்தவளிடமும் மகன் அதைச் சொல்லவில்லை. தன் அம்மா ஏதோ ஆபீசில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தான்.

இப்படிப் பதினைந்து நாள் ஓடியது. பதினாறாவது நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. நீச்சல்காரி ஐந்து முப்பத்தெட்டுக்கே ஏறிவிட்டாள். ஐந்து நாற்பது ஆனது. நாற்பத்தொன்று ஆனது. மழையில் கண்ணாடி துடைக்க இறங்க முடியாது. மணிக்கூண்டு வண்டியை எடுக்காமல் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பின்னாலிருந்து அந்தப் பெண் மெதுவாகக் குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் கிளம்பிடுங்களேன். அந்தப் பையன் வர்றதுக்குள்ள. ப்ளீஸ்."

மணிக்கூண்டு கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். தோளைக் குறுக்கி, முழங்காலைச் சேர்த்து, எவ்வளவு கொஞ்ச இடத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு கொஞ்ச இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காருவது மணிக்கூண்டுக்குத் தெரியாததா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெக்கானிக் ஆறு மாதம் அவளை நிழல் மாதிரி சுற்றினான். அப்போது பணியாளர் அறையில் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் இவள்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு டெப்போவுக்கு வந்தாள். எல்லாம் ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊடலுமில்லை, ஒட்டுதலுமில்லை. இந்தப் பெண் பயந்து போய்த் தன்னிடம் ஒதுங்கியிருக்கிறாள்.

அதே நொடியில் பக்கவாட்டுக் கண்ணாடியில் மகன் ஓடி வருவது தெரிந்தது. மழையில் நனைந்து, பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஓடி வந்தான். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிட்ட பிள்ளை ஊர் பார்க்க ஓடி வருகிறான்.

"எல்லாரும் ஏறணும்லம்மா" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

அடுத்த நிறுத்தம் சுரங்கப்பாதை. நீச்சல்காரி எழுந்து, தன் வீட்டுக்கு ஐந்து நிறுத்தம் முன்னாலேயே, எதுவும் சொல்லாமல் இறங்கிவிட்டாள். மகனும் இறங்கினான். கதவுப் பொத்தான் இவள் விரலடியில்தான் இருந்தது. அவன் காலடி எடுத்து வைப்பதற்குள் அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. நடந்துகொண்டே பேசினால் அவள் மனசு இறங்கும், பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு சப்பைக்கட்டைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். வண்டி கிளம்பியது. அவள் கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தது, சுரங்கப்பாதைப் படியை நோக்கி வேகமாக நடக்கும் ஒரு பெண்ணையும், பத்தடி பின்னால் நடக்கும் தன் மகனையும்தான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது உதடு வெளுத்திருந்தது. படி ஈரமாக இருந்ததாம். அவள் ஓடினாளாம், வழுக்கி விழுந்துவிட்டாளாம். "நான் அவளைத் தொடக்கூட இல்லம்மா. கொஞ்சம் நில்லுன்னு சொன்னேன். அவ்வளவுதான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று தாய்க்குத் தெரிந்தது. அதனால் நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இனிமேல் ஐந்து நாற்பது வண்டிக்கு வரக் கூடாது, நாலு மணி வண்டியிலேயே வந்துவிட வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான்.

இரண்டு நாள் கழித்து மருந்துக் கடைச் சீருடையோடு ஒரு பெண்மணி டெப்போவுக்கு வந்து, ஐந்து நாற்பது வண்டி ஓட்டுகிறவரைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். நீச்சல்காரியின் அம்மா. வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, ஆறு வாரம் கட்டுப் பிரிக்க முடியாது, நீச்சல் அணிக்கான தேர்வுப் போட்டி கைவிட்டுப் போய்விட்டது என்று மூச்சு விடாமல் சொன்னார். பையன் படிக்கும் பள்ளியில் புகார் கொடுத்திருக்கிறாராம். அந்தப் பையன் தற்செயலாக ஒரே வண்டியில் வந்ததாகச் சொல்கிறானாம். வெள்ளிக்கிழமை விசாரணையாம். பெண்ணின் பேச்சைத் தவிர வேறு சாட்சி இல்லையாம்.

பிறகு மணிக்கூண்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு சொல்லுவா, டிரைவர் ஆன்ட்டி பின்னால உக்காந்தா பயமில்லம்மான்னு. அந்த தைரியத்துலதான் நானும் அவளைத் தனியா விட்டேன். கண்ணாடியில நீங்க பாத்திருப்பீங்க இல்லையா? வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பிடித்த கையில் மருந்து வாசனை அடித்தது. மணிக்கூண்டு அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மகன் மறுபடியும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான் என்ற ஒரே எண்ணம்தான் அவள் மண்டைக்குள் ஓடியது. பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். இனி வாயே திறக்க மாட்டான்.

"வண்டி ஓட்டும்போது பின்னால யார் என்ன பண்றாங்கன்னு தெரியாதும்மா" என்றாள். "நாங்க ரோட்டைத்தான் பாப்போம்."

அந்த அம்மா அதை நம்பினார். நம்பியதோடு நிற்காமல், வேலை நேரத்தில் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். டைம் கீப்பர் அன்றைக்கு ஏதோ கிண்டலாகச் சொன்னதற்கு மணிக்கூண்டு எரிந்து விழுந்தாள். அவள் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மாலை ஐந்து முப்பத்தேழுக்கு நீச்சல்காரி ஏறினாள். நீந்த முடியாவிட்டாலும் கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஸ்டாப் வாட்ச் பிடிக்கச் சொல்லியிருந்தார்களாம். தலைமுடி ஈரமில்லை. கட்டுப் போட்ட வலக் கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கிடந்தது. கார்டைத் தேய்க்க இடக் கையால் தடவித் தேடினாள். பிறகு பழையபடி அந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பேசினாள்.

"அம்மா சொன்னாங்க ஆன்ட்டி, நீங்க பாக்கலைன்னு. பரவால்ல. ரோட்டைத்தானே பாக்கணும்."

தன் வண்டியே தன்மேல் ஏறிப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது மணிக்கூண்டுக்கு. கடிகாரம் ஐந்து முப்பத்தொன்பது காட்டியது. நூலக வாசலில் மகன் தெரிந்தான். நாலு மணி வண்டியில் அவன் போகவே இல்லை. கையில் ஏதோ கடிதம் வைத்திருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நடையிலேயே தெரிந்தது. விடாமல் வருகிறான், அவள் சொல்லிக் கொடுத்தபடியே.

பின்னால் நீச்சல்காரியும் அவனைப் பார்த்துவிட்டாள். இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. பையை இடக் கையால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து நாற்பது. மணிக்கூண்டு பொத்தானை அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. மகன் ஓடி வந்து கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினான். அவள் திரும்பவில்லை. கியரைப் போட்டாள். அவன் இன்னும் பலமாகத் தட்டினான். சின்ன வயதில் குளியலறைக் கதவைத் தட்டி அழுதவனின் அதே குரலில் கத்தினான்.

"அம்மா. கதவைத் தொறம்மா. நீதானே விடாதேன்னு சொன்னே? வீட்டுச் சாவியும் இன்னைக்கு உன் பையிலதான்மா இருக்கு."

வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது. அவள் வண்டியை எடுத்துவிட்டாள். அவன் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து நின்றுவிட்டான். சுரங்கப்பாதை நிறுத்தம் வந்தது, போனது. அடுத்தது வந்தது. தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் கதவைத் திறந்தாள். நீச்சல்காரி எழுந்து படியருகே வந்து நின்றாள்.

"தினமும் அவனுக்காகத்தான் வண்டியை நிறுத்தி வச்சீங்களா?"

"ஆமா."

"நான் அன்னைக்கு உங்ககிட்டதான் கேட்டேன்."

"ஆமாம்மா. நாளைக்கு வந்து சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். மணிக்கூண்டு காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தே காத்திருந்தாள். பெண் வழக்கமான தேங்ஸைச் சொல்லாமல், திரும்பாமல் நடந்து தெருமுனையைத் தாண்டிவிட்டாள். ஏன் இன்னும் நிற்கிறது, நேரமாகவில்லையா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அவள் கதவை மூடி வண்டியை எடுத்தாள்.